டாக்டரிடம் கேளுங்கள்: கபடிக்காரருக்குக் கவட்டை வலி வந்தால்

பொங்கல் கபடியும் மஞ்சுவிரட்டும் முடிந்து கொஞ்ச நாள் ஆனதும் செட்டிநாட்டுப் பக்கமிருந்து கவட்டை வலி பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறையும் நிறைய வந்திருக்கின்றன. விளையாடுகிற பிள்ளைகளுக்கு வரும் குடலிறக்கம் (ஹெர்னியா), குடல் இறங்காமலே அந்தப் பெயரைச் சுமந்து திரியும் வலி, இரண்டிலும் அறுவை எப்போது என்பதை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 23 வயது. கபடியில் ரெய்டர். ஐந்து மாதமாக வலது கவட்டையில் வலி. பாடிப் போய் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினால் சுருக்கென்று இழுக்கிறது. காலையில் படுக்கையிலிருந்து எழுந்தாலும் தும்மினாலும் வலிக்கிறது. வீக்கம் ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார், இன்னொருவர் ஹெர்னியா, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
(வாசகர், கண்டனூர்)

தம்பி, ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக உங்கள் வலி கற்பனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்கும் இன்னும் நேரம் வரவில்லை.

முதலில் குடலிறக்கம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஆண்களுக்கு அடிவயிற்றுச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு சாய்வான வழி இருக்கிறது, அதன் வழியாகத்தான் விரைக்குப் போகிற ரத்தக்குழாய்களும் விந்துக்குழாயும் இறங்குகின்றன. அந்த இடத்தில் சுவர் தளர்ந்து உள்ளே இருக்கும் கொழுப்போ குடலோ வெளியே பிதுங்கினால் அது குடலிறக்கம், டயர் கிழிந்த இடத்தில் ட்யூப் பிதுங்குகிற மாதிரி. நின்றால் புடைக்கும், இருமினால் கைக்குத் தட்டும், படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். நீங்கள் எழுதியிருப்பதில் இது எதுவும் இல்லை.

உங்கள் வலி வேறு ஜாதி. வயிற்றின் நேர்த்தசை மேலிருந்து இறங்கி வந்து இடுப்பின் முன்பக்க எலும்பில் பிடித்திருக்கிறது. தொடையை உள்பக்கமாக இழுக்கும் தசை கீழிருந்து வந்து கிட்டத்தட்ட அதே இடத்தில் பிடித்திருக்கிறது. போனஸ் கோட்டுக்கு ஒரு காலை நீட்டுகிறீர்கள், உடம்பின் எடை முழுக்க மற்றக் காலில், கார்னர் ஆள் பாய்கிறான், அடுத்த நொடியே இடுப்பை முறுக்கித் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் மேல் தசை ஒரு பக்கமும் தொடைத் தசை இன்னொரு பக்கமுமாக அந்த ஒரே எலும்பைப் பிடித்து இழுக்கின்றன. வாரம் முழுக்க வயல் வேலையோ லோடு வேலையோ பார்த்துவிட்டு சனி ஞாயிறு இரவெல்லாம் ஆட்டம் என்று இருந்தால் அந்தப் பிடிப்பில் சின்னச் சின்னக் கிழிசல் விழுந்து, ஆறுவதற்குள் மறுபடி கிழிகிறது. சிலருக்கு வயிற்றுச் சுவரின் பின்பக்கமும் தளர்ந்துபோகிறது. குடல் எதுவும் இறங்கியிருக்காது, ஆனால் வலி மட்டும் குடலிறக்கம் போலவே இருக்கும். 1980இல் லண்டனில் ஜெர்ரி கில்மோர் என்ற அறுவை மருத்துவர் கால்பந்து வீரர்களிடம் இதைக் கண்டு விளக்கினார், அப்போதிலிருந்து ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா என்ற பெயர் பரவிவிட்டது.

2014இல் கத்தார் நாட்டின் தோஹாவில் இந்தத் துறை வல்லுநர்கள் கூடி, விளையாடுபவரின் கவட்டை வலியை எங்கே தொட்டால் வலிக்கிறது, எந்தத் தசையை எதிர்த்துத் தள்ளினால் வலிக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கச் சொன்னார்கள். தொடையின் உள்தசை, இடுப்பை மடக்கும் தசை, அடிவயிற்றுக் கால்வாய்ப் பகுதி (மேலே சொன்ன சாய்வான வழி), முன்பக்க எலும்பு ஆகிய நான்கு, இவை தவிர இடுப்பு மூட்டு. ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். ஆகையால் உங்களைப் பார்க்கிற டாக்டர் ஸ்கேன் தாளை மட்டும் பார்த்தால் போதாது. மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அவர் கைமுட்டியை வைத்து அழுத்தச் சொல்ல வேண்டும், பாதி எழச் சொல்லி மார்பைத் தள்ளிப் பார்க்க வேண்டும், விதைப்பைத் தோல் வழியாக விரலை மேலே செலுத்தி இருமச் சொல்ல வேண்டும், இடுப்பு மூட்டை மடக்கித் திருப்பிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எம்.ஆர்.ஐ. தேவையா என்ற பேச்சே. இந்தச் சோதனைகள் எதையும் செய்யாமல் ஆபரேஷன் என்று சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். முதல் சிகிச்சை பயிற்சிதான். படுத்து ஓய்வெடுப்பதால் மட்டும் இது போகாது, ஓய்வில் வலி அடங்கும், களத்தில் இறங்கிய அன்றே திரும்பிவிடும். டென்மார்க்கில் தொடை உள்தசை சார்ந்த நீண்டநாள் கவட்டை வலி இருந்த 68 விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குத் தசையை வலுவாக்கும் பயிற்சி, மறு குழுவுக்கு மசாஜ், லேசர், மின்தூண்டல், நீட்டல். 1999இல் முடிவு வெளியானது. பயிற்சிக் குழுவில் 23 பேர் வலியில்லாமல் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள், மற்றக் குழுவில் 4 பேர்தான். அதனால் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டிடம் போய் 8 முதல் 12 வாரம் ஒழுங்காகச் செய்யுங்கள். முதலில் முழங்கால்களுக்கு நடுவில் பந்தை வைத்து அழுத்துவதில் ஆரம்பித்து, அப்புறம் வயிற்றுத் தசை, அப்புறம் பக்கவாட்டில் நகர்வது, கடைசியில்தான் ஓட்டமும் திரும்புதலும். மாத்திரை போட்டுக்கொண்டோ ஊசி போட்டுக்கொண்டோ ஆடாதீர்கள், கிழிசல் அங்கேயேதான் இருக்கும், வலி மட்டும்தான் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

மூன்று மாதம் மனசார முயன்றும் மாறவில்லை, வலி அடிவயிற்றுக் கால்வாய்ப் பக்கம்தான் என்று சோதனையில் தெளிவாகத் தெரிகிறது என்றால், அப்போது அறுவைக்குத் தயங்க வேண்டாம். அதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. பின்லாந்தில் இப்படி நாள்பட்ட வலி இருந்த 60 பேரில் பாதிப் பேருக்கு, சிறு துளை போட்டுக் கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோபியில், தளர்ந்த சுவரைத் தாங்க ஒரு செயற்கை வலை வைத்தார்கள், மீதிப் பேருக்கு அறுவை இல்லாத சிகிச்சை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அறுவை செய்துகொண்டவர்களில் 90 சதவீதம் பேர் விளையாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள், மற்றவர்களில் 27 சதவீதம். 2011இல் வந்த ஆய்வு அது. சில அறுவை மருத்துவர்கள் வலை இல்லாமல் தளர்ந்த இடத்தை மட்டும் தைத்துச் சரிசெய்கிறார்கள், தொடைத் தசையின் நாணும் இறுகியிருந்தால் அதையும் கொஞ்சம் தளர்த்திவிடுகிறார்கள். எந்த முறை என்பதைவிட, இதை அடிக்கடி செய்கிறவரா என்பதுதான் முக்கியம். செய்த பிறகு முதல் வாரம் நடை, மூன்று நான்கு வாரத்தில் நேர் ஓட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஆட்டம் என்று போகும். அடுத்த ஊர்ப் போட்டிக்கு நோட்டீஸ் அடித்துவிட்டார்கள், உங்கள் பெயரும் அதில் இருக்கிறது என்பதற்காக இந்தக் கணக்கைக் குறைக்காதீர்கள். டீம்காரர்களிடம் நீங்களே சொல்லத் தயங்கினால், டாக்டர் சொன்னார் என்று இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: வயது 25. போலீஸ் தேர்வுக்குத் தினமும் ஓடிப் பழகுகிறேன். இடது கவட்டையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்தால் போய்விடுகிறது, வலி அதிகம் இல்லை. பெல்ட் போட்டுக்கொண்டு தேர்வை முடித்துவிட்டு அப்புறம் பார்க்கலாமா? வலை வைத்தால் ஓடும்போது கிழிந்துவிடும் என்கிறார்களே?
(வாசகர், சிங்கம்புணரி)

உங்களுடையது உண்மையான குடலிறக்கம். மாத்திரையிலோ பயிற்சியிலோ மூடாது, பெல்ட்டும் மூடாது. பெல்ட் போட்டு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி, கயிறும் ஏறினாலும், அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது, அங்கே இருமச் சொன்ன அடுத்த நொடி தெரிந்துவிடும். தொந்தரவே இல்லாத வயதானவர்களைச் சில சமயம் அறுவை இல்லாமல் கவனித்துக்கொண்டே இருக்கலாம், அது பாதுகாப்பானதுதான். ஓட்டமும் கயிறும் எடை தூக்குவதுமாக இருக்கிற 25 வயதுக்காரருக்கு அந்த யோசனையை நான் சொல்ல மாட்டேன். இப்போதே முடித்துவிடுங்கள். அறுவைக்கும் உடல்தகுதித் தேர்வுக்கும் நடுவில் எத்தனை மாத இடைவெளி கேட்கிறார்கள் என்பதை நீங்கள் எழுதப்போகும் தேர்வின் அறிவிப்பில் படித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் தேதி குறியுங்கள்.

வலை பற்றிய பயத்தை நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பாலிப்ரொப்பிலீன் என்ற நூலால் நெய்த மெல்லிய வலை அது. வைத்த சில வாரங்களில் நம் உடம்பின் நார்த்திசு அதன் கண்களுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். இருமும்போதும் குதிக்கும்போதும் வயிற்றுக்குள் எழும் அழுத்தத்தை அது தாங்கும். அந்தக் காலத்தில் இரண்டு பக்கத் தசையையும் இழுத்து நூலால் தைப்பார்கள், இழுவிசையில் தையல் அறுத்துக்கொண்டு மறுபடி இறங்கும். 1980களில் அமெரிக்க மருத்துவர் லிக்டன்ஸ்டைன் இழுக்காமல் வலையை மேலே வைத்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. வலையே வேண்டாம் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்குப் புனேயைச் சேர்ந்த டாக்டர் தேசார்தாவின் முறை இருக்கிறது, நம்முடைய வயிற்றுத் தசைநாரிலிருந்தே ஒரு பட்டையை எடுத்துச் சுவரைப் பலப்படுத்துவார்கள். செய்து பழகியவர் கிடைத்தால் நல்ல முறைதான்.

திறந்து செய்வதா, லேப்ராஸ்கோபியா? ஒரு பக்கம் மட்டும், முதல் தடவை என்றால் இரண்டுமே சரி. லேப்ராஸ்கோபியில் வலையைத் தசைக்குப் பின்னால் விரிப்பார்கள், ஆரம்ப வலி குறைவு, சீக்கிரம் களத்துக்குத் திரும்பலாம், இரண்டு பக்கமும் இருந்தால் ஒரே தடவையில் முடியும். முழு மயக்கம் தேவை, செய்பவருக்கு நல்ல பழக்கமும் வேண்டும். திறந்து செய்வதை முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தோ முடிக்கலாம். பழக்கமில்லாத கையில் லேப்ராஸ்கோபியைவிடப் பழகிய கையில் திறந்த அறுவை மேல்.

முடிந்ததும் மூன்று மாதம் குனியாதே, மாடிப்படி ஏறாதே என்று வீட்டில் சொல்வார்கள். 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் அப்படிச் சொல்லவில்லை. 3 முதல் 5 நாளில் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம், வலிதான் உங்களுக்கு அளவுகோல். ஓட்டப் பயிற்சியை மூன்று வாரம் போல விட்டு மெதுவாக ஆரம்பித்து, எடையும் கயிறும் ஆறு வாரத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட் இருந்தால் அறுவைக்கு நாலு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள், புண் ஆறுவதைக் கெடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அறுவைக்கு முன்னால் என்றைக்காவது அந்தப் புடைப்பு படுத்தும் உள்ளே போகாமல், கல் மாதிரி இறுகி, வலித்து, வாந்தியும் வந்தால் குடல் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் நின்றுகொண்டிருந்தாலும் சரி, நடுராத்திரி வீட்டில் என்றாலும் சரி, அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில மணி நேரத்தில் குடலுக்கு ரத்தம் நின்று அழுகத் தொடங்கும். அப்போது செய்கிற அறுவை வேறு, அதன் ஆபத்தும் வேறு.

கேள்வி: என் பேரனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் ஃபுட்பால் ஆடுகிறான். ஆடிவிட்டு வந்தால் கவட்டையில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. இந்தச் சின்னப் பிள்ளைக்கு வலை வைப்பார்களா? வளர்ந்தால் தானாகச் சரியாகாதா?
(ஆச்சி ஒருவர், பள்ளத்தூர்)

வலை வைக்க மாட்டார்கள் ஆச்சி, அந்தக் கவலை வேண்டாம். பிள்ளைகளுக்கு வயிற்றுச் சுவர் பலமாகத்தான் இருக்கும். கருவில் விரை இறங்கி வந்த வழி மூடாமல் ஒரு பை போல நின்றுவிட்டதால் வருவது இது. அந்தப் பையை மட்டும் கட்டி எடுத்துவிடுவார்கள், சின்ன அறுவை, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். தொப்புள் புடைப்பு போல இது வளர வளர மூடாது, அதனால் தள்ளிப்போட வேண்டாம். காசு வைத்துக் கட்டுவது, அரைஞாண் கயிற்றை இறுக்குவது எதுவும் வேண்டாம். குழந்தைகள் அறுவை நிபுணரிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளை பந்தைத் தேடி ஓடுவான், அப்போது அவனை அதட்டாமல் விடுங்கள்.

கேள்வி: காரைக்குடியில் உடற்கல்வி படிக்கும் மாணவி நான். 5,000, 10,000 மீட்டர் ஓடுகிறேன். ஒரு மாதமாக இடது கவட்டையில் ஆழமான வலி, ஓட ஓடக் கூடுகிறது, இப்போது நடந்தாலும் இருக்கிறது. பெண்களுக்கும் ஹெர்னியா வருமா?
(வாசகி, காரைக்குடி)

வரும். வாழ்நாளில் ஆண்களில் சுமார் 27 சதவீதம் பேருக்கும் பெண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கும் கவட்டைக் குடலிறக்கம் வருகிறது. பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் கீழே, தொடையின் மேல்பகுதியில் இறங்கும் வகையும் உண்டு, அது சீக்கிரம் சிக்கிக்கொள்ளும் என்பதால் கண்டவுடனே அறுவை செய்துவிட வேண்டும்.

ஆனால் அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது குடலிறக்கம் இல்லை. நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு ஆழமான கவட்டை வலி, ஓட ஓடக் கூடுகிறது, நடக்கும்போதும் வந்துவிட்டது என்றால் தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை முறிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மாதவிடாய் தவறுகிறதா? எடை குறைய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்திருக்கிறீர்களா? ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத பெண்களுக்கு ஹார்மோன் குறைந்து எலும்பு மெலிகிறது, இது நம் ஊர்ப் பெண்களிடம் யாரும் கேட்காமல் விடுகிற கேள்வி. இன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். ஊன்றுகோல் வைத்துக்கொண்டு நடந்தாலும் பரவாயில்லை. சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்ப முறிவு தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். எலும்பு மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். கவனிக்காமல் ஓடி அந்த எலும்பு முழுதாக முறிந்து விலகினால் ஓட்டம் மட்டுமல்ல, மூட்டே போய்விடும். கோச் என்ன சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: பள்ளியில் பி.இ.டி. மாஸ்டர். கபடி டீம் வைத்திருக்கிறேன். இந்த வலி வராமலே தடுக்க ஏதாவது பயிற்சி உண்டா?
(வாசகர், தேவகோட்டை)

மாஸ்டர், இந்த இதழில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி உங்களுடையது. பையனைப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கீழ்க்கை முழங்கையில் ஊன்றச் சொல்லுங்கள். இன்னொரு பையன் பின்னால் நின்று அவனுடைய மேல் காலை ஒரு கையால் முழங்காலிலும் மறு கையால் கணுக்காலிலும் பிடித்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக்கொள்ள வேண்டும். படுத்திருப்பவன் உடம்பை நேராக மேலே உயர்த்தி, தொங்கும் கீழ்க் காலை மேல் காலோடு சேர்த்து, மூன்று வினாடியில் மெதுவாக இறக்க வேண்டும். இறக்குவதில்தான் பலன். இடுப்பு தொங்கினால் அந்த எண்ணிக்கை செல்லாது. சின்னப் பையன்களுக்கும் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கும் முழங்காலோடு மட்டும் தாங்கிப் பிடித்தால் போதும். இதற்குக் கோபன்ஹேகன் பயிற்சி என்று பெயர். நார்வேயில் சில கால்பந்து அணிகளில் இதைப் பருவம் முழுக்கச் செய்யவைத்து, செய்யாத அணிகளோடு ஒப்பிட்டதில் கவட்டைத் தொந்தரவு 41 சதவீதம் குறைவாக இருந்தது, 2019இல் வெளியான முடிவு. ஒரு பைசா செலவில்லை, செம்மண் தரையில் ஒரு சாக்கு விரித்தால் போதும். முதல் வாரம் பையன்கள் தொடை வலிக்கிறது என்பார்கள், எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுங்கள், நிறுத்திவிடாதீர்கள். கவட்டை வலிக்கிறது என்று எவனாவது சொன்னால், அன்றைக்கே அவனை உட்கார வையுங்கள். ஒரு தடவை வந்தவனுக்குத்தான் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம். குடல் இறங்கவில்லை, ஆனால் தையல் போட்ட இடத்திலிருந்து தொடை வரை எரிகிறது. ஜிம்முக்குப் போக முடியவில்லை. வலையை எடுத்துவிடலாமா?
(வாசகர், புதுவயல்)

அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அந்த இடத்தில் மூன்று நரம்புகள் ஓடுகின்றன, அவற்றில் ஒன்று தழும்பிலோ தையலிலோ வலையிலோ மாட்டியிருக்கலாம். அறுவைக்குப் பின் மூன்று மாதம் தாண்டியும் அன்றாட வேலையைப் பாதிக்கும் வலி 10 முதல் 12 சதவீதம் பேருக்கு இருக்கிறது, இதை அறுவைக்கு முன்பே நோயாளியிடம் சொல்ல வேண்டும், நிறைய இடத்தில் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். ஸ்கேனில் மறுபடி இறங்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, நரம்பு வலிக்கான மாத்திரை, அதில் அடங்காவிட்டால் ஸ்கேன் பார்த்தபடியே நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி என்று படிப்படியாகப் போகலாம். பெரும்பாலும் காலம் போகப் போகக் குறையும். இதெல்லாம் முயன்றும் தீராதபோதுதான் நரம்பை வெட்டுவது, வலையை எடுப்பது எல்லாம், அதுவும் அதில் நல்ல அனுபவம் உள்ளவரிடம் மட்டும்.

கேள்வி: ஆபரேஷன் ஆகி எத்தனை நாளில் பைக் ஓட்டலாம்?
(வாசகர், கோட்டையூர்)

வலியில்லாமல் திடீர் பிரேக் போட முடிகிற நாளில். பலருக்கு ஒன்றிரண்டு வாரம். நிறுத்தி வைத்த வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை ஓங்கி மிதித்துப் பாருங்கள், கிக்கர் உதைப்பதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: கூலி வேலை பார்க்கிறேன். பையனுக்கு ஹெர்னியா. பிரைவேட்டில் கேட்கிற தொகை என்னால் முடியாது.
(வாசகர், திருப்பத்தூர்)

கடன் வாங்காதீர்கள் ஐயா. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை இராசாசி மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள், இந்த அறுவை அங்கே அன்றாடம் நடப்பது, கட்டணம் இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அட்டை வாங்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொடுப்பார்கள். பையன் விளையாடுகிறவன் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், எந்த முறையில் செய்வது, எப்போது களத்துக்கு விடுவது என்பதை அவர் அதற்கேற்ப முடிவு செய்வார்.